உட்காராத வீட்டுக்காரன்

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, புனித நிக்கோலாவின் நாளில், வால்யெவோ ஊரில் பாதி வீடுகள் விருந்து வைக்கும். மீதிப் பாதி சாப்பிடப் போகும். யாரும் யாரையும் அழைப்பதில்லை. ஒரு வருஷம் வந்தவர் மறு வருஷமும் வருவார், அவ்வளவுதான். ஸ்லாவா என்று பெயர். குடும்பத்துக்கு ஒரு புனிதர், அவருக்கு வருஷத்தில் ஒரு நாள். அன்றைக்குக் கதவைப் பூட்டி வைப்பதும் ஊரை விட்டு ஓடிப்போவதும் ஒன்றுதான். கோய்கோ இரண்டையுமே யோசித்துப் பார்த்திருக்கிறான்.

கோய்கோவுக்கு நாற்பத்தாறு வயது. பல் செட் செய்கிறவன். முன்னறையில் டாக்டர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். பின்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து கோய்கோ பல்லைச் செய்து கொடுப்பான். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. ஊரில் எத்தனையோ பேர் அவன் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள், மெல்லுகிறார்கள், அவனைப் பற்றிப் புறம் பேசவும் செய்கிறார்கள். அவர்களில் பத்துப் பேரிடம்கூட அவன் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியதில்லை.

மனிதர்களைப் பிடிக்காது என்று அர்த்தமில்லை. பிடிக்கும். ஒரே ஆளோடு என்றால் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருப்பான். நான்கு பேர் என்றால் ஒரு மணி நேரம். அதற்கு மேல் போனால் உள்ளே ஏதோ வற்றிவிடும். முகம் சிரித்தபடி இருக்கும், காது எதையும் வாங்காது. வேலை முடிந்து வந்தால் நேராக வீட்டுக்குள் நுழையமாட்டான். விறகுக் கொட்டகையில் அரை மணி நேரம் சும்மா நின்றுவிட்டுத்தான் வருவான். கல்யாணமான புதிதில் வெஸ்னா இதைக் கோபம் என்று நினைத்து அழுதிருக்கிறாள். பத்தொன்பது வருஷத்தில் பழகிவிட்டது. இப்போது யாராவது தேடி வந்தால், "கொட்டகையில நிக்கிறான், அரை மணி கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

அவளுக்குப் பழகிவிட்டது. அவனுக்குத்தான் பழகவில்லை. இது திருத்த வேண்டிய ஒரு கோளாறு என்றே நினைத்திருந்தான். பெல்கிரேடுக்குப் போய் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து ஒரு சான்றிதழ்கூட வாங்கி வந்தான். அதைக் கொடுக்கும்போது மேடையில் நின்று இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். "நன்றி" என்றான். இரண்டாவது வார்த்தை வரவில்லை.

அது அவன் பாடு என்று ஊர் விட்டிருக்கும், அப்பா ராதிசாவ் ஸ்லாவாவை அவன் கையில் கொடுக்காமல் இருந்திருந்தால். ராதிசாவின் விருந்து ஊரறிந்த விருந்து. மேஜையின் தலைப்பக்கத்து நாற்காலியில் மதியம் உட்கார்ந்தால், குவாரிக் கதை, பட்டாளத்துக் கதை, மாமியார் கதை என்று கடைசி ஆள் எழுந்து போகும்வரை ஓயமாட்டார். சிரித்துச் சிரித்துப் புரையேறி, முதுகில் தட்டி அனுப்பிவைத்த ஆட்கள் உண்டு. மனைவி போனபிறகு, எண்பது வயதில், பெரிய மகன் வீட்டோடு வந்துவிட்டார். வரும்போது புனிதர் படத்தையும் கையோடு கொண்டுவந்து கிழக்குச் சுவரில் மாட்டச் சொன்னார். "இனிமே இது உன்னுது" என்றார். அப்பா அவன் கையில் நேராகக் கொடுத்த பொருள் அதற்கு முன் ஒரு சைக்கிள்தான்.

போன வருஷம் கோய்கோ முதல் தடவையாக விருந்து வைத்தான். அப்பாவைப் போலவே வைப்பது என்று முடிவு செய்தான். வினை அங்கேயே ஆரம்பமாகிவிட்டது. ஒரு துண்டுக் காகிதத்தில் ஐந்து வேடிக்கைக் கதைகளை எழுதி மனப்பாடம் செய்தான். தலைப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து முதல் கதையைச் சொன்னான். யாரோ மரியாதைக்குச் சிரித்தார்கள். இரண்டாவது கதையின் முடிவை முதலிலேயே சொல்லிவிட்டான். பிறகு அதன் ஆரம்பத்தையும் சொன்னான், வேறு வழி தெரியாமல். மேஜையில் மீன் முள் எடுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தைரியத்துக்கு இரண்டு கிளாஸ் ரக்கியா சாராயம் ஊற்றிக்கொண்டான். ஆறு மணிக்கு "ஒரு போன் பேசணும்" என்று எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தவன், முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஸ்தாமென்கோ அவசரம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். ஓடியவர் சும்மா இருப்பாரா? புது வருஷம் பிறப்பதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கோய்கோ அதன் பிறகு மூன்று நாள் படுக்கையில் கிடந்தான், காய்ச்சல் எதுவும் இல்லாமல்.

அதனால்தான் இந்த வருஷம் டிசம்பர் ஆரம்பத்தில் தம்பி வேல்கோ ஷாபாட்ஸிலிருந்து போன் செய்தான். வேல்கோ காப்பீடு விற்கிறவன். பேச்சை விற்றே மூன்று மாடி வீடு கட்டியவன்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காத. ஸ்லாவாவை எங்கிட்ட கொடுத்துடு. உனக்கும் கஷ்டம், வர்றவங்களுக்கும் கஷ்டம். இந்த ஒரு தடவை உன் வீட்டுல நடக்கட்டும். சாயங்காலம் நான் படத்தை எடுத்துட்டுப் போயிடறேன். அடுத்த வருஷம் நீயும் அண்ணியும் ஜம்முனு விருந்தாளியா வாங்க, ஒரு ஓரமா உக்காந்து சாப்பிடுங்க, போங்க."

"பாக்கலாம்" என்றான் கோய்கோ. அந்தக் குடும்பத்தில் பார்க்கலாம் என்றால் சரி என்று அர்த்தம்.

போனை வைத்ததும் முதலில் அப்பாடா என்றிருந்தது. ஒரு ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்து அவனுக்கே வெட்கமாகிவிட்டது. படத்தைக் கொடுப்பது என்றால், சொந்த வீட்டுக்குத் தலைவனாக இருக்க எனக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி. கொடுக்க மனம் வரவில்லை; வைத்துக்கொள்ளவும் வழி தெரியவில்லை. பதினெட்டாம் தேதி வரை இப்படியே ஓட்டினான்.

"நீ கொடுத்தாலும் சரி, கொடுக்கலைன்னாலும் சரி" என்றாள் வெஸ்னா, கெண்டை மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டே. "ஒண்ணே ஒண்ணு. தயவு பண்ணிக் கதை சொல்லாத."

மறுநாள் காலை ஒன்பதரைக்கு விறகு எடுக்கக் கொட்டகைக்குப் போனான். மெல்லப் பனி விழுந்துகொண்டிருந்தது. வாசலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கார் நின்றது, இன்ஜின் ஓடவில்லை. உள்ளே பாதிரியார் ஃபாதர் அர்செனியே உட்கார்ந்திருந்தார். விருந்து ரொட்டியை அறுத்து ஆசீர்வதிக்க வந்தவர். முப்பத்திரண்டு வயது, அந்தச் சபை வழக்கப்படி கல்யாணமானவர், கணீரென்ற குரல், கோயிலில் அவர் பேசினால் கடைசி வரிசைக் கிழவர்கள்கூடத் தூங்கமாட்டார்கள். அப்படிப்பட்டவர் கைகளை மடியில் வைத்து, கண்ணை மூடி, அசையாமல் இருந்தார். தூங்குகிற முகம் இல்லை அது. கோய்கோவுக்கு உடனே தெரிந்துவிட்டது. கொட்டகைக்குள் நிற்கும்போது தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. கண்ணாடியைத் தட்டவில்லை. கைநிறைய விறகோடு அப்படியே நின்றான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பாதிரியார் கண்ணைத் திறந்தார், அவனைப் பார்த்தார், இறங்கி வந்தார்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"இப்பதான் வந்தேன், ஃபாதர்."

"விறகு மேல ஒரு விரக்கடை பனி இருக்கே."

பாதிரியார் சிரித்தார்.

"இது ஆறாவது வீடு. இன்னும் பத்தொன்பது இருக்கு. ஒவ்வொரு வாசல்லயும் அஞ்சு நிமிஷம் இப்படி உக்காந்துட்டுத்தான் உள்ள போவேன். என் சம்சாரத்துக்கு மட்டும்தான் தெரியும். வெளிய சொல்லிடாதீங்க."

"உடம்புக்கு ஏதாவது..."

"உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. எனக்கு மனுஷங்களைப் பிடிக்கும். ஆனா அவங்ககூட இருக்க இருக்க நான் தீந்து போயிடறேன். தனியா கொஞ்ச நேரம் இருந்தா மறுபடி ஊறுது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

"கோயில்ல அவ்வளவு நல்லா பேசறீங்களே."

"அது வேலையாச்சே. கையில வேலை இருந்தா எனக்கு ஒண்ணுமே தெரியாது. ரொட்டியை அறுத்து முடிச்சதும் உக்காருங்க ஃபாதர், சாப்பிடுங்க ஃபாதர், ஒரு கதை சொல்லுங்க ஃபாதர்னு பிடிச்சு வெப்பாங்க பாருங்க, அங்கதான் உயிர் போகுது."

உள்ளே போனார்கள். ரொட்டியைப் பாதிரியாரும் கோய்கோவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுழற்றினார்கள். குறுக்கே அறுத்து ஒயின் ஊற்றினார்கள். அடுப்பருகே சோபாவில் உட்கார்ந்திருந்த ராதிசாவ் உரக்க ஆமென் சொன்னார். எல்லாம் முடிந்ததும் வெஸ்னா நாற்காலியை இழுத்தாள். கோய்கோ அதற்குள் நாலு துண்டு மீனைக் காகிதத்தில் சுற்றிப் பாதிரியார் கையில் கொடுத்து, கதவைத் திறந்துவிட்டான். பாதிரியார் அவன் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார்.

"ஃபாதரைச் சாப்பிட வெக்காமலா அனுப்பினே?" வெஸ்னாவின் முகம் சிவந்துவிட்டது. "ஊர்ல என்ன பேசுவாங்க?"

"அவருக்குப் போகணும், வெஸ்னா. போக விடறதுதான் உபசாரம்."

சொல்லிவிட்டு அவனே யோசித்தான். இத்தனை வருஷமும் இது தனக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தான். கணீர்க்குரல் பாதிரியாருக்கும் இருக்கிறது. அவர் அதை வியாதி என்று சொல்லவில்லை, ஏதோ கண்ணாடி போட்டுக்கொள்கிற மாதிரி சொல்கிறார். அந்த நினைப்பு நன்றாக இருந்தது. ஆனால் படத்தை என்ன செய்வது என்பதற்கு அதில் விடை இல்லை.

மதியம் ஒரு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நோன்புக் காலம் ஆனதால் மேஜையில் இறைச்சி இல்லை. கெண்டை மீன், அடுப்பில் வெந்த வெள்ளை பீன்ஸ், சுட்ட மிளகாய்த் துவையல், வால்நட் பிஸ்கட். இரண்டு மணிக்கு வேல்கோ வந்தான். தனியாக வரவில்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள், அலுவலகத்து ஆட்கள் ஐந்து பேர். யார் வேண்டுமானாலும் யாரையும் கூட்டி வரலாம், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நாற்காலிக்குத்தான் திண்டாட்டம். சமையலறையிலிருந்து இரண்டு முக்காலி வந்தன, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெஞ்சு வந்தது, அப்படியும் போதவில்லை. வேல்கோ சுற்றிலும் பார்த்துவிட்டு, "சும்மா ஒரு நிமிஷம்" என்று தலைப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் ஒரு கதையை ஆரம்பித்தான். காப்பீட்டுப் பணத்துக்காகத் தன் மாட்டை ஒளித்துவைத்த ஆளின் கதை. மேஜை குலுங்கியது.

அப்பாவின் நாற்காலியில் தம்பியைப் பார்த்தபோது கோய்கோவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. சாயங்காலம் நடக்கப்போவது இப்போதே நடந்துவிட்ட மாதிரி இருந்தது. நின்று வருத்தப்படவாவது விட்டார்களா? வாசலில் மணி அடித்தது.

போய்க் கதவைத் திறந்தான். கோட்டை வாங்கி மாட்டினான். சர்க்கரையும் வால்நட்டும் கலந்த வெந்த கோதுமைத் தட்டை நீட்டினான். வந்தவர் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். "புனிதர் நாள் வாழ்த்துக்கள், வீட்டுக்காரரே." "நல்லா இருங்க, உள்ள வாங்க." அதற்கு மேல் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை. மறுபடி மணி அடித்தது. மறுபடி கோட்டு, கோதுமை, வாழ்த்து. பிறகு ரக்கியா ஊற்ற வேண்டியிருந்தது, தட்டு மாற்ற வேண்டியிருந்தது, ரொட்டி நறுக்க வேண்டியிருந்தது. உட்கார இடமும் இல்லை, நேரமும் இல்லை.

கையில் தட்டோடு மேஜையைச் சுற்றி வந்தவனுக்கு ஒரு விஷயம் தட்டுப்பட்டது. உட்கார்ந்திருந்தால் எல்லோரும் தன்னைப் பார்ப்பார்கள். நிற்கும்போது தான் எல்லோரையும் பார்க்கலாம். போன வருஷம் பார்த்தது அந்தக் காகிதத்துண்டை மட்டும்தான். இந்த வருஷம் வாய்களைப் பார்த்தான். ஸ்தாமென்கோவின் மேல் வரிசை அவன் செய்தது. இடப்பக்கம் முள் சிக்கினால் மனிதருக்கு உயிர் போய்விடும். அவருக்கு முள் இல்லாத வயிற்றுத் துண்டாகத் தேடி வைத்தான். எதிரே இருந்த அம்மாளுக்குச் சூடாக எது பட்டாலும் பல் கூசும். பீன்ஸை ஆறவைத்துக் கொடுத்தான். வேல்கோவின் அலுவலகத்துப் பெண் ஒருத்தி வால்நட் பிஸ்கட்டை ஒரே பக்கமாகக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் கேட்காமலே ஆப்பிள் கூழ் ஒரு கிண்ணம் வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது கோய்கோ அடுத்த ஆளிடம் போயிருந்தான்.

பல் மட்டும் அல்ல. மூன்றாவது வீட்டு ராதோய்கா வந்திருந்தாள். அக்டோபரில் புருஷன் செத்துப்போனான். மேஜையில் உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து ஆளுக்கொருவர் அவளிடம் எப்படி ஆச்சு, எப்போ ஆச்சு, டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டபடியே இருந்தார்கள். நல்ல மனசோடுதான் கேட்டார்கள். அவள் முகம் சிரித்தபடி இருந்தது. அந்தச் சிரிப்பைக் கோய்கோவுக்குத் தெரியும். அவள் தட்டை எடுத்துக்கொண்டு, "அடுப்புப் பக்கம் வாங்க, இங்க காத்து அடிக்குது" என்று கூட்டிப் போய் அப்பாவின் சோபாவில் உட்காரவைத்தான். ராதிசாவுக்குக் காது மந்தம். அவரிடம் யாரும் பேசிக்கொண்டிருக்க முடியாது. இரண்டு பேரும் நெருப்பைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள். ராதோய்கா இரண்டாவது தடவை மீன் கேட்டு வாங்கினாள்.

"பரவாயில்லையே" என்றாள் ஸ்தாமென்கோவின் மனைவி, கையில் கிளாஸோடு அவனை நிமிர்ந்து பார்த்து. "இந்தக் குடும்பத்துல ஒரு வீட்டுக்காரன் நிக்கிறதை இப்பதான் பாக்கறேன்."

இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இந்த நாட்டில் ஸ்லாவா அன்றைக்கு வீட்டுக்காரன் உட்காரக் கூடாது. கடைசி விருந்தாளி போகும்வரை நின்று பரிமாற வேண்டும். பழைய வீடுகளில் இன்றைக்கும் அப்படித்தான். ராதிசாவுக்குக் குவாரியில் கல் விழுந்து முட்டி உடைந்தது, கோய்கோவுக்கு அப்போது ஐந்து வயது. அந்த வருஷம் அவரை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தவர் பேசினார், பேசியது எல்லோருக்கும் பிடித்துப்போனது. அப்படியே நாற்பது வருஷம் ஓடி, இந்தக் குடும்பத்தில் ஸ்லாவா என்றாலே நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது என்றாகிவிட்டது. உடைந்த முட்டிக்காகச் செய்த ஏற்பாட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரும் வழக்கம் என்றே எடுத்துக்கொண்டார்கள். மற்ற வீடுகளில் ஆண்கள் நிற்பதைக் கோய்கோ வருஷா வருஷம் பார்த்துத்தான் இருந்தான். அது தனக்கும் ஆகும் என்று மட்டும் தோன்றியதில்லை.

ஐந்தரை மணிக்கு அவனுக்குள் வற்ற ஆரம்பித்தது. பேசாமல் நின்றாலும் நாற்பது பேர் நாற்பது பேர்தான். காது இரைந்தது. கிளாஸ் வைக்கிற சத்தம் தலைக்குள் விழுந்தது. தட்டைச் சமையலறையில் வைத்துவிட்டு நடைக்கு வந்தான். ஸ்தாமென்கோவின் கண்ணில் பட்டுவிட்டான்.

"என்ன கோய்கோ," என்று மேஜையிலிருந்தே குரல் கொடுத்தார் மனிதர், "குளியலறைக்கா போறே? முன்னாடியே சொல்லிடுப்பா, நான் ஒரு நடை போயிட்டு வந்துடறேன்."

மேஜை முழுக்கச் சிரித்தது. வேல்கோவும் சிரித்தான். கோய்கோவுக்கு முகம் சுட்டது. போன், அடுப்பு, விறகு என்று மூன்று பொய்கள் நாக்கு நுனியில் தயாராக நின்றன. காலையில் பனியில் நின்ற பாதிரியார் சொன்ன மாதிரி சாதாரணமாகச் சொன்னால் என்ன ஆகிவிடும் என்று தோன்றியது.

"குளியலறைக்கு இல்ல" என்றான். "வெளிய போறேன். கூட்டத்துல ரொம்ப நேரம் இருந்தா நான் தீந்து போயிடுவேன். எப்பவுமே அப்படித்தான் எனக்கு. போன வருஷமும் அதுக்குத்தான் தாழ் போட்டுக்கிட்டேன். கால் மணி நேரம் தனியா நின்னுட்டு வர்றேன். யாருக்காவது ஏதாவது வேணும்னா வெஸ்னாகிட்ட கேளுங்க."

மேஜையில் பேச்சு நின்றது. அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. வெஸ்னா சமையலறை வாசலில் துணியோடு அசையாமல் நின்றாள்.

"போயிட்டு வா" என்றார் ஸ்தாமென்கோ. "கதவைச் சாத்திட்டுப் போ. குளிருது."

அவ்வளவுதான். கதவுக்கு அந்தப் பக்கம் போவதற்குள் வேல்கோ அடுத்த கதைக்குப் போய்விட்டான். நாற்பத்தாறு வருஷமாக மறைத்துவந்த விஷயத்துக்கு ஊர் கொடுத்த விலை ஒரு கதவைச் சாத்துவதுதான் என்று தெரிந்ததும், கோய்கோ கொட்டகையில் நின்று தனக்குத்தானே சிரித்தான். பனி நின்றிருந்தது. ஈர விறகு வாசனை அடித்தது. வீட்டுக்குள்ளிருந்து மங்கலாகச் சிரிப்புச் சத்தம் வந்தது. அது தன் வீட்டுச் சத்தம் என்று நினைக்க அவனுக்குப் பிடித்திருந்தது. கால் மணி நேரம் என்று சொன்னவன் இருபது நிமிஷம் நின்றான். உள்ளே திரும்பி வந்தபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. காலி கிளாஸை நீட்டினார்கள்.

எட்டு மணிக்குக் கடைசி ஆட்களாக ஸ்தாமென்கோவும் மனைவியும் போனார்கள். வேல்கோவின் மனைவி பிள்ளைகளோடு காரில் ஏறிக்கொண்டாள். அலுவலகத்து ஆட்கள் முன்பே கிளம்பியிருந்தார்கள். வேல்கோ ஒரு கம்பளிப் போர்வையோடு உள்ளே வந்தான். பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"அண்ணே, படத்தை இறக்கிடலாமா? இதுல சுத்தி எடுத்துட்டுப் போறேன்."

"வேண்டாம்."

"பின்ன எதுல சுத்தறது?"

"படம் இங்கயே இருக்கட்டும். ஸ்லாவாவை நான் கொடுக்கலை, வேல்கோ."

வேல்கோ போர்வையை மேஜைமேல் வைத்தான். கோபம் வரவில்லை அவனுக்கு, நிஜமாகவே புரியவில்லை.

"அண்ணே, நான் ஏதோ பொறாமையில கேக்கலை. நீயே சொல்லு. மதியத்துலேர்ந்து இந்த வீட்டுல பேசினது யாரு? நான். நான் இல்லேன்னா இந்த மேஜை எழவு வீடு மாதிரி இருந்திருக்கும்."

"இருந்திருக்கும். நீதான் பேசினே, நல்லாவும் பேசினே. அது எனக்கு வராது. வரும் வரும்னு இத்தனை வருஷம் பாத்தேன், காசு கொடுத்துக்கூடப் படிச்சேன். வரலை. இன்னிக்கு என்னன்னா, வரலையேங்கற வருத்தமும் போயிடுச்சு."

"அப்புறம் எதுக்கு வெச்சுக்கறே?"

"வந்தவங்களைப் பாத்துக்கறது எனக்கு வருது. அதை நான் இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சேன். அந்த நாற்காலியை நீ எடுத்துக்க. வருஷா வருஷம் வா, அதுல உக்காரு, தொண்டை கட்டற வரைக்கும் பேசு. யாரும் உன்னை எழுப்ப மாட்டாங்க. ஆனா விருந்து என்னோடது. நான் நின்னுக்குவேன்."

வேல்கோ அண்ணனைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். அண்ணன் தன்னை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னது நினைவில்லை அவனுக்கு.

வெஸ்னா புருஷனுக்குத் துணையாக வந்தாள். "நிக்கிறதுதானே முறை? இந்த வீட்டுலதான் மாறிப்போச்சு. மாமா, முட்டி மட்டும் நல்லா இருந்திருந்தா நீங்களும் நின்னிருப்பீங்கதானே?" என்று சோபாவின் பக்கம் குனிந்து உரக்கக் கேட்டாள்.

"மாட்டேன்" என்றார் ராதிசாவ்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"முட்டி அடுத்த வருஷமே சரியாயிடுச்சு" என்றார் அவர், நெருப்பைப் பார்த்தபடி. "எனக்கு உக்காந்து பேசப் பிடிச்சுப்போச்சு. எழுந்திரிடான்னு எங்கப்பன் திட்டினான். வலிக்குதுன்னு சொல்லிட்டேன். அப்புறம் யாரு கேட்டாலும் அதையே சொல்லிட்டேன்."

"நாப்பது வருஷமாவா?" என்று அவர் காதருகே கேட்டான் வேல்கோ.

"உங்கம்மாவுக்குத் தெரியும். எனக்கு நிக்கறது ஆகாது, சாமி. தட்டைத் தூக்கிட்டுச் சுத்தி வர்றதுக்கு என்னை அடிச்சே போட்டுடலாம். இவனுக்கு அதுதான் பிடிக்குதுன்னா இவன் விருந்து அப்படி இருந்துட்டுப் போகட்டும். இப்ப எனக்கு இன்னொரு துண்டு மீன் வரும்னா சொல்லுங்க, இல்லேன்னா தூங்கப் போறேன்."

முதலில் சிரித்தது வெஸ்னாதான். வேல்கோவும் தொண்டை கட்டிய குரலில் சிரித்தான். சிரித்து முடித்ததும் ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது, அதை மறைக்கவும் இல்லை. பிறகு அண்ணனைக் கட்டிப்பிடித்து மூன்று தடவை முத்தம் கொடுத்தான். போர்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காருக்குப் போனான்.

அப்பாவை வெஸ்னா கைபிடித்துக் கூட்டிப் போய்ப் படுக்கவைத்தாள். திரும்பி வந்து தட்டுகளை அடுக்கப் போனாள்.

"வெஸ்னா, அதெல்லாம் நான் கழுவிக்கறேன். நீ போய்ப் படு. எனக்கு இப்ப இந்த ரூம்ல யாரும் இருக்க வேணாம்."

"நானுமா?"

"நீயும்தான்."

இத்தனை வருஷத்தில் அவன் அதை இப்படிக் கேட்டதில்லை. கொட்டகைக்கு நழுவித்தான் பழக்கம். வெஸ்னா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "தலைப்பக்கம் மூடி வெச்சிருக்கேன் பாரு, உனக்கு எடுத்து வெச்ச துண்டு" என்று சொல்லிவிட்டு, போய்விட்டாள்.

கோய்கோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். கால் விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து அவன் எதுவும் சாப்பிடவில்லை. மீன் ஆறிப்போயிருந்தது, எண்ணெய் உறைந்து ஓரம் வெளுத்திருந்தது. துவையலைத் தொட்டுக்கொண்டு மெதுவாக, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, முழுவதையும் தின்றான். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு நல்ல விருந்துக்கு அவன் இதுவரை போனதில்லை.